பறவைக் காய்ச்சல்: இரு அமைச்சகங்களுக்கு இடையே ஒரு வைரஸ்

புதுதில்லி:

கோழிகளின் நோயாக 2006-ல் இந்தியாவுக்குள் நுழைந்த பறவைக் காய்ச்சல், குழந்தைகளின் உயிரையும் பறித்துள்ள நிலையில், அதைக் கண்காணிக்கும் பொறுப்பு இன்னமும் இரு துறைகளிடையே பிரிந்து கிடக்கிறது.

மகாராஷ்டிர மாநிலம் நவாப்பூர் பண்ணைகளில் 2006 பிப்ரவரியில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது "எச்5என்1" வைரஸ். 2021 ஜூலையில் ஹரியாணாவைச் சேர்ந்த சிறுவன் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் இந்நோயால் இறந்தான். நாட்டில் பதிவான முதல் மனித உயிரிழப்பு அதுவே. 2025 மார்ச்சில் ஆந்திரத்தின் நரசராவ்பேட்டையைச் சேர்ந்த 2 வயதுப் பெண் குழந்தை மங்களகிரி எய்ம்ஸில் உயிரிழந்தது.

உலக அளவில் 2003 முதல் 900-க்கும் மேற்பட்டோருக்கு இத்தொற்று உறுதியானது. அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பிழைக்கவில்லை. இவ்வைரஸ் பற்றிக்கொள்ளும் செல்கள் மனிதரின் மூக்கு, தொண்டையைவிட நுரையீரலின் ஆழத்திலேயே அதிகம். எனவே எளிதில் தொற்றுவதில்லை. தொற்றினால் கடும் நிமோனியாவாக முற்றுகிறது. மனிதரிடையே தொடர்ந்து பரவும் திறனை அது இதுவரை பெறவில்லை.

போபாலும் புணேயும்: இறந்த கோழியின் மாதிரி போபாலில் உள்ள ஆய்வகத்துக்குச் செல்கிறது, அது கால்நடைத் துறையின் பொறுப்பு. நோயுற்ற மனிதரின் மாதிரி புணே தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனத்துக்குச் செல்கிறது. அது சுகாதாரத் துறையின் பொறுப்பு. அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணைப்படி பொது சுகாதாரம், கால்நடை நோய்த் தடுப்பு இரண்டும் மாநிலப் பட்டியலில் உள்ளன. நோய் மாநில எல்லை தாண்டுவதைத் தடுப்பது மட்டும் பொதுப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது.

இப்பிரிவினையின் விளைவு 2021-லேயே புலப்பட்டது. சிறுவன் இறந்த பிறகும், அவன் வசித்த பகுதியில் பறவைகளிடையே நோய் காணப்படவில்லை என்றே கால்நடைத் துறை தெரிவித்தது. கோழிகள் தரவேண்டிய எச்சரிக்கை மருத்துவமனைப் படுக்கையிலிருந்து வந்தது.

இழப்பீட்டிலும் சிக்கல் உண்டு. அரசு அழிக்கும் கோழிகளுக்கான தொகையை மத்திய, மாநில அரசுகள் சமமாகப் பகிர்கின்றன. தாமதமாகவோ குறைவாகவோ கிடைக்குமென அஞ்சும் விவசாயி, கோழிகள் மடிவதை வெளியே சொல்லத் தயங்குகிறார்.

இத்துறைகளை ஒருங்கிணைக்கும் "ஒரே சுகாதாரம்" இயக்கத்துக்கு நாகபுரி நிறுவனத்தின் இயக்குநரே தலைமை ஏற்பார் என 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. ஒரு கிராமத்தில் கோழிகள் மடியும் செய்தி, அருகிலுள்ள அரசு மருத்துவருக்கு அன்றே எட்டுகிறதா? நாடாளுமன்ற உறுப்பினர்கள் இரு அமைச்சர்களிடமும் கேட்க வேண்டிய கேள்வி இதுவே.