பிரஜை என்பவர் யார்?

இரும்புலியூரை ஒட்டிச் செல்லும் இருப்புப் பாதையில், 1914-ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறந்தது முதல் 1964-ஆம் ஆண்டுப் புயலில் தனுஷ்கோடி அழியும் வரையில், இலங்கைக்குச் செல்லும் ‘போட் மெயில்’ ஓடிற்று. அந்நாளில் இலங்கையை அயல்நாடென்று எண்ணினோர் நம்மில் சிலரே. பிரஜா உரிமையின் அருமையை அறிய விரும்பும் நேயர்கள் அவ்விலங்கையின் சரித்திரத்தைச் சற்றே நோக்குவது நலம்.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே நம் ஏழை ஜனங்கள் கண்டிச் சீமைக்குச் சென்று காடு திருத்தினார்கள்; முதலில் காப்பி, பின்பு தேயிலை. கடமை, கடமை என்று நாம் பிள்ளைகளுக்கு ஓயாமல் உபதேசிக்கிறோமே, அக்கடமையில் அவர்கள் எள்ளளவும் குறை வைத்தாரில்லை. 1947-ஆம் ஆண்டுத் தேர்தலில் வோட்டும் அளித்தார்கள். மலைநாட்டுத் தொகுதிகள் பலவற்றில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வென்றது. அவ்வெற்றியே வினையாயிற்று போலும்!

1948-இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டில் பிரஜா உரிமைச் சட்டமும் பிறந்தது. இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது. தகப்பனாராவது, அல்லது பாட்டனாரும் அவர் தந்தையுமாவது அங்கேயே பிறந்திருத்தல் வேண்டும் என்றது அச்சட்டம். தோட்டத்து லயத்தில் பிறந்த கூலியாள் இதற்கு ருசு எங்கே தேடுவான்? மறு ஆண்டு வோட்டும் போயிற்று. இந்த அநீதியை எதிர்த்த செல்வநாயகம் தமிழ்க் காங்கிரஸை விட்டு விலகித் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

1964 அக்டோபரில் சாஸ்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பிற்பாடு 1974-இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். பங்காளிகள் நிலம் பிரிப்பதுபோல் மனிதரைப் பிரித்தார்கள். அம்மனிதரின் சம்மதத்தைக் கேட்டாரில்லை. திரும்பி வந்தோர் பலருக்கு நீலகிரியில் சர்க்கார் தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தது. அங்கேயே தங்கி நாடற்றவராயிருந்தோருக்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் விடிவு பிறந்தது. ஐம்பத்தைந்து வருஷங்கள்!

இலங்கையைக் குறை கூறுவது எளிது. 1983-ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் அங்கிருந்து ஓடி வந்தோரில் மலைநாட்டுக் குடும்பங்களும் உண்டு. அவர்களில் அநேகர் தமிழ்நாட்டு முகாம்களில் இன்றும் எந்நாட்டுப் பிரஜையுமல்லர். நம் சட்டப்படி, 1987 ஜூலை முதல் தேதிக்குப் பின் இந்நாட்டில் பிறந்தாலும் பெற்றோரில் ஒருவரேனும் இந்தியப் பிரஜையாயிருத்தல் வேண்டும். தகப்பனார் யார் என்னும் பழைய கேள்வியை இப்போது நாம் கேட்கிறோம். அம்முகாம்களின் பிள்ளைகள் நம் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள்; நம் அரசியல் சட்டம் பிரஜைகளுக்கு விதித்திருக்கும் 11 கடமைகளையும் பாடமாகப் படிக்கிறார்கள்.