செஞ்சூட்டு இரும்பும் மீச்சமச்சீர்மையும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பு உருட்டாலைகளில் செக்கச் செவேலென்று நெளிந்து வரும் கம்பியைப் பார்த்திருக்கிறீர்களா? அதனருகே காந்தத்தைக் கொண்டுபோனால் (கொண்டுபோய்விடாதீர்கள், கை வெந்துவிடும்!) அது கம்பியை இழுக்காது. தூய இரும்பு 770 பாகை செல்சியசுக்கு மேல் காந்தத் தன்மையை இழந்துவிடுகிறது. ஆறும்போதுதான் அணுக்களாகிய குட்டிக் காந்தங்கள் ஒரே பக்கமாகத் திரும்பத் தொடங்குகின்றன.

சரியாக அந்த 770 பாகையில் நடப்பதே விந்தை. ஒரே பக்கம் திரும்பிய அணுக்கள் சிறு திட்டு, பெருந்திட்டு என்று எல்லா அளவிலும் கலந்து கிடக்கின்றன. எத்தனை மடங்கு பெருக்கிப் பார்த்தாலும் தோற்றம் ஒன்றே. இந்தச் சமச்சீர்மை எந்தத் தனி அணுவிலும் இல்லை; கூட்டத்தில் பிறப்பது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனித் துகள்களுக்கு வருவோம். அவை இரண்டு இனம். எலெக்ட்ரான் போன்ற பெர்மியான்கள் முன்பதிவுப் பயணிகள், ஓரிருக்கைக்கு ஒருவர்தான். ஒளித்துகள் போன்ற போசான்களோ கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலின் காலைக் கூட்டம். எத்தனை பேரும் ஏறலாம். (இப்பெயர் நம் சத்யேந்திரநாத் போசின் நினைவாக வந்தது.) இவ்விரு இனங்களையும் ஒன்றுக்கொன்று மாற்றினாலும் இயற்கை விதிகள் மாறாதிருப்பதே மீச்சமச்சீர்மை. அப்படியானால் எலெக்ட்ரானுக்கும் ஒரு போசான் இணை இருந்தாக வேண்டும். 1970களில் எழுந்த இக்கருத்தை நம்பி, ஜெனிவா அருகேயுள்ள மாபெரும் துகள் மோதுகலத்தில் 2010 முதல் தேடுகிறார்கள். ஓர் இணைகூட அகப்படவில்லை.

அப்படியென்றால் கருத்தே வீணா? இல்லை. காந்தத்திலே பிறந்த சமச்சீர்மையைப் போல இதுவும் கூட்டத்தில் பிறக்கலாமே! 1985-இல் பிரீடன், சியூ, ஷெங்கர் ஆகிய மூவர் ஒரு தட்டைக் காந்தத்தைக் கணக்கிட்டார்கள். அதில் அங்கங்கே அணு இல்லாத காலியிடங்கள் உண்டு. வெப்பநிலை, காலியிடங்களின் அளவு ஆகிய இரண்டையும் சேர்த்துத் திருகினால் கிடைக்கும் தனிப்பட்ட ஒரு புள்ளியில், சமன்பாடுகளில் மீச்சமச்சீர்மை தானே தலைகாட்டியது.

2014-இல் தருண் குரோவர், ஷெங், அஷ்வின் விஸ்வநாத் ஆகியோர் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே. சில சிறப்பு மீக்கடத்திகளின் விளிம்பில் பெர்மியான்கள் ஓடுகின்றன. அங்கே காந்த ஒழுங்கு உருவாகும் தறுவாயில் அதன் அசைவுகள் போசான்களாக நடந்துகொள்கின்றன. முதலில் இரண்டின் வேகமும் வேறுவேறு. மாறுநிலைப் புள்ளியிலோ, நெடுந்தொலைவில் நோக்கும்போது, இரண்டும் ஒரே வேகத்துக்கு வந்து ஒன்றுக்கொன்று இணையாகிவிடுகின்றன. இதற்கு ஒரே ஒரு குமிழைத் திருகினால் போதும்.

இவை அடிப்படைத் துகள்கள் அல்ல, கூட்டத்தின் அலைகளே. ஆகவே ஜெனிவாவின் கேள்விக்கு இது விடையாகாது. ஆனால் ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்க்கத் தெளிவான ஒன்று கிடைத்திருக்கிறது: அந்தப் புள்ளியில் இரண்டின் வேகமும் ஒன்றுதானா?