சவுக்குக் காட்டுக்கு அப்பால் கடல்

ஹவுராவில் திகா ரயில் ஏறி, காந்த்தியில் இறங்கி, அங்கிருந்து வண்டி பிடித்தால் பாங்கிபுட் கடற்கரை. மார்கழிக் குளிரில் பேத்தியுடன் போயிருந்தேன். சவுக்குக் காட்டைத் தாண்டியதும் கடல். கூட்டமில்லை, கூச்சலில்லை. எங்களைக் கண்டதும் சிவப்பு நண்டுகள் வளைக்குள் ஓடி மறைந்தன. பங்கிம் சந்திரர் 1866-இல் வெளியிட்ட 'கபாலகுண்டலா' நாவலின் தொடக்கம் இந்தப் பக்கத்துக் கடலோரக் காட்டில்தான்.

திகாவுக்கு 2004-இல் ரயில் வந்தது, ஜனக்கூட்டம் பெருகியது.

"இங்கே ஏன் தாத்தா ரயில் வரலை?" என்றாள் பேத்தி.

தண்டவாளம் போட்டே தலை நரைத்தவன் நான். ஆனாலும், "வராமலே இருக்கட்டும்மா" என்றேன்.

அன்பர்களே, நீங்களும் ஒருமுறை போய் வாருங்கள். சாப்பாடும் தண்ணீரும் எடுத்துச் செல்லுங்கள். குப்பையை மறக்காமல் திரும்பக் கொண்டு வாருங்கள்.