கருப்பட்டி என்றாலும் சர்க்கரைதான்

சர்க்கரை நோயால் ஆறாத கால் புண்ணோடு கூடங்குளம் பக்கமிருந்து ஆசாரிப்பள்ளம் மருத்துவமனைக்கோ ஐகிரவுண்டு மருத்துவமனைக்கோ தாமதமாக வருகிறவர்களிடம் காலை உணவைப் பற்றிக் கேட்டால், ஒரே பதில்தான் திரும்பத் திரும்ப வருகிறது: "சீனியத் தொடுறதே இல்ல டாக்டர். கருப்பட்டிக் காப்பி, கேப்பைக் கஞ்சி, அவ்வளவுதான்." சீனியை விட்டதே பத்தியம் என்று நம்பிவிடுகிறார்கள். பண்டத்தின் பெயர் மாறுகிறது, மாவுச்சத்தின் அளவு மாறுவதில்லை.

கருப்பட்டியும் கஞ்சியும்

உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கலாம். ரத்தத்துக்கு அது தெரியாது. கருப்பட்டியில் பெரும்பகுதி சுக்ரோஸ், சீனியிலும் அதுவே. கூடவே இருக்கும் தாதுச்சத்துக்காக அதை மருந்தாக்கிவிட முடியாது. கேப்பையில் நார்ச்சத்து உண்டு என்பது உண்மை. ஆனால் நைசாக அரைத்து, நெடுநேரம் காய்ச்சி, மெல்லாமல் குடிக்கும்போது மாவு சீக்கிரமே செரித்துச் சர்க்கரையாகிவிடுகிறது. பாக்கெட் ஓட்ஸும் இந்த விஷயத்தில் பெரிய யோக்கியம் இல்லை.

"எங்க தாத்தா கஞ்சி குடிச்சே எண்பது வயசு இருந்தாரே" என்பார்கள். அவர் பனையேறினார், மண் வெட்டினார். குடித்த கஞ்சியைத் தசைகள் எரித்துத் தீர்த்தன. நாமோ கஞ்சியை மட்டும் வைத்துக்கொண்டு உழைப்பை விட்டுவிட்டோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இன்டியாப் ஆய்வு 2023-இல் சொன்ன கணக்குப்படி, தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. அதே ஆய்வின் 2025 அறிக்கை இன்னும் முக்கியமானது: இந்தியர்கள் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்து. அரிசியை விட்டுக் கோதுமை மாவுக்கோ சிறுதானிய மாவுக்கோ மாறுவதால் மட்டும் ஆபத்து குறைந்ததாகத் தெரியவில்லை. மாவின் ஒரு பங்கைப் பருப்பு, பால் போன்ற புரதத்துக்கு மாற்றினால்தான் குறைகிறது.

தட்டில் என்ன இருக்கட்டும்?

இட்லியை விலக்க வேண்டியதில்லை, ஆறை இரண்டாக்கினால் போதும். மீதி இடத்தைப் பாசிப்பயறுச் சுண்டல், அவித்த முட்டை, பருப்பு கெட்டியாகப் போட்ட காய்கறிச் சாம்பார் நிரப்பட்டும். முந்தின நாள் சாளைக் குழம்பு இருந்தால் மீனைத் தாராளமாகவும் பழைய சோற்றைக் கொஞ்சமாகவும் வையுங்கள். காயையும் புரதத்தையும் முதலில் தின்று, மாவைக் கடைசியில் தொட்டால் சர்க்கரை ஏறும் வேகம் மட்டுப்படும். விடியற்காலையில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலின் வேலையைத் தடுப்பதால், மற்ற வேளைகளைவிடக் காலையில்தான் இந்தக் கவனம் அதிகம் வேண்டும். இதற்கெல்லாம் காசு ஏது என்று கேட்பது நியாயம்தான். ஆனால் ஓட்ஸ் பாக்கெட்டை வாங்கும் வீட்டில் பயறு வாங்க முடியாதா? சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

பட்டினியும் பொடியும்

கடலுக்குப் போகிறவர்களும் இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர்களும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் இருந்துவிடுகிறார்கள். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் நடுக்கம், வியர்வை, மயக்கம் வரும். அப்போது மட்டும் சீனித் தண்ணீர் மருந்து! இன்னொரு பக்கம், யாரோ சொன்னார்கள் என்று சிறுகுறிஞ்சான் பொடியைத் தின்றுவிட்டு மாத்திரையை நிறுத்துகிறவர்கள். எந்தத் தைரியத்தில் நிறுத்துகிறார்களோ!

வெறும் வயிற்றிலும், சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்தும் சர்க்கரையைப் பாருங்கள்; 3 மாதத்துக்கு ஒருமுறை ஹெச்பிஏ1சி ரத்தப் பரிசோதனையும் செய்யுங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் வீட்டுக்கே வருகிறது. கெஞ்சிக் கேட்கிறேன், மருத்துவர் சொல்லாமல் அதை நிறுத்தாதீர்கள். நாளைக் காலை இரண்டு இட்லியோடு ஒரு கிண்ணம் சுண்டலும் வையுங்கள்.