மின்சாரக் கணக்கு

காவிரியை மேட்டூரில் மறித்துக் கட்டிய அணை 1934-ஆம் ஆண்டில் முடிவுற்றது. 1937 முதல் அதன் நீர் மின்சாரத்தையும் தந்து வருகின்றது. சேலம், நாமக்கல் சமவெளியில் மாடுகள் கமலை இழுத்த கிணறுகளிற் பிற்காலத்தே மின்சார மோட்டார்கள் அமர்ந்தன. ஆயினும், மின்னழுத்தம் குறைந்தமையால் மோட்டார் எரிந்துபோயிற்று என்னும் முறையீட்டைக் கிராமங்களிற் கேட்கிறோம். அழுத்தம் குறைந்தால் வேலையன்றோ குறையவேண்டும்? மோட்டார் எரிவானேன்? பெருக்கலும் வகுத்தலும் அறிந்த எவரும் இதற்கு விடை காணலாம்.

அணைநீரையே உவமையாகக் கொள்வோம். நீர்மட்டத்தின் உயரம் போன்றது மின்னழுத்தம். அதனை வோல்ட்டால் அளக்கிறோம். குழாயில் ஓடும் நீரின் அளவு போன்றது மின்னோட்டம். அதன் அளவை ஆம்பியர். குழாயின் ஒடுக்கம் போன்றது தடை. அதன் அளவை ஓம். ஜெர்மானிய அறிஞர் ஜார்ஜ் ஸைமன் ஓம் 1827-இல் வெளியிட்ட விதிப்படி, வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை கிடைக்கும். அவ்விரண்டையும் பெருக்கினாலோ திறன் கிடைக்கும். அதன் அளவை வாட்டு.

230 வோல்ட்டில் 5 ஆம்பியர் ஏற்கும் மின்சார அடுப்பு ஒன்று உளதென்க. 230-ஐ 5-ஆல் வகுக்க, அதன் தடை 46 ஓம்; பெருக்க, அதன் திறன் 1,150 வாட்டு. ஒரு மணி நேரம் எரிந்தால் 1.15 யூனிட் செலவாகும்.

இனி, மின்சாரத்தைக் கொண்டுவரும் கம்பிக்கும் தடை உண்டு. போக வர அது 2 ஓம் எனக் கொள்வோம். 10 ஆம்பியர் ஓடினால் 20 வோல்ட்டு வழியிலேயே குறையும். 200 வாட்டு வெப்பமாக வீணாகும். 20 ஆம்பியர் ஓடினாலோ 40 வோல்ட்டு குறையும். வீணாவது 800 வாட்டு. ஓட்டம் இருமடங்காயின் வெப்பம் நான்மடங்காகின்றது. இவ்வுண்மையை ஆங்கில விஞ்ஞானி ஜூல் 1841-இல் நிலைநாட்டினார். மின்சாரத்தை நெடுந்தூரம் அனுப்புங்கால் அழுத்தத்தை மிக உயர்த்துவது இதனாலேயே. 11,000 வோல்ட்டுக்குப் பதிலாக 1,10,000 வோல்ட்டில் அனுப்பினால், அதே திறனுக்கு ஓட்டம் பத்தில் ஒன்று. அதே கம்பியில் நஷ்டம் நூற்றில் ஒன்று.

இப்பொழுது கிணற்றங்கரைக்கு வருவோம். மோட்டார் அடுப்பைப் போன்றதன்று. அடுப்பில் அழுத்தம் குறைந்தால் ஓட்டமும் குறையும். நீரை இறைக்கும் மோட்டாரோ ஏறக்குறைய அதே வேகத்தில் அதே சுமையைச் சுமந்து சுழல முயல்கின்றது. ஆதலின் வோல்ட்டிற் குறைந்ததை ஆம்பியரில் ஈடுசெய்கின்றது. அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால், ஓட்டம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கூடும். காயிலின் வெப்பமோ ஒன்றரை மடங்கிற்கும் மேலாகும். கம்பியைச் சுற்றியுள்ள காப்பு அவ்வெப்பத்தில் நாளடைவிற் கருகும். முடிவில் மோட்டார் எரியும். அன்றியும், ஒரே கம்பியிற் பல மோட்டார்கள் ஒருங்கே ஓடி அதிக ஆம்பியரை இழுப்பின், வழியிலே அழுத்தம் இன்னும் தாழும். அயலாரின் கிணறும் நம் கிணறும் இவ்வாறு ஒரே கணக்கிற் கட்டுண்டிருக்கின்றன.

மோட்டாரின் தகட்டில் அதற்குரிய வோல்ட்டும் ஆம்பியரும் பொறிக்கப்பட்டிருக்கும். ஸ்டார்ட்டர் பலகையிலுள்ள ஆம்பியர் முள் அவ்வெல்லையைத் தாண்டி நிற்குமாயின், உடனே நிறுத்திவிடுவதே நலம். நம் கல்லூரி மாணவர் விடுமுறையில் ஊர் செல்லுங்கால், தம் வீட்டாருக்கு இம்முள்ளைக் காட்டி, இக்கணக்கை எடுத்துரைப்பாராக. ஆய்வுக்கூடத்திற் கற்ற கல்வி கழனிக்குப் பயன்படுவது அவ்வாறன்றோ?