அம்மாவுடன் 13 மணி நேரம்

இப்போது நம்மில் பல குடும்பங்களில் யாராவது ஒருவர் லண்டனிலோ மெல்பர்னிலோ இருக்கிறார். அங்கே பேரப்பிள்ளை பிறந்தால் இங்கிருந்து பாட்டி விமானம் ஏறுகிறார். கிளம்புவதற்கு ஒரு வாரத்துக்கு முன்பே வீட்டில் பெட்டியின் எடையைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடும். முறுக்கு எத்தனை கிலோ, மசாலைத்தூள் எத்தனை பாக்கெட், இந்தப் பெட்டியை விமானத்தில் ஏற்றுவார்களா மாட்டார்களா? அந்த இருக்கையில் 13 மணி நேரம் உட்காரப்போகும் உடம்பைப் பற்றி மட்டும் பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை.

கடந்த ஜூலையில், அக்காவின் பிரசவம் பார்த்து முடித்த அம்மாவை லண்டனிலிருந்து கோலாலம்பூருக்கு அழைத்துவரும் பொறுப்பு எனக்கு வந்தது. அம்மாவுக்கு வயது 68. இனிப்புநீர் உண்டு, தினமும் இன்சுலின் போடுகிறார். முழங்கால் வலியும் சேர்ந்திருக்கிறது. அந்தப் பயணத்தில் கற்றுக்கொண்டதைப் பெற்றோரை அழைத்துச் செல்லும் எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

மருந்து கைப்பையில்

இன்சுலினையும் மாத்திரைகளையும் பெரிய பெட்டியில் வைக்காதீர்கள். சரக்குப் பகுதியின் குளிரில் இன்சுலின் உறைந்துவிட்டால் பிறகு அது உதவாது. பெட்டி வந்து சேராமலும் போகலாம். எங்களுக்கு அதுதான் நடந்தது. ஒரு பெட்டி இரண்டு நாள் தாமதமாக வீட்டுக்கு வந்தது. மருந்து முழுவதும் அம்மாவின் தோள்பையில் இருந்ததால் யாரும் பதறவில்லை.

மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். ஊசியையும் திரவ மருந்தையும் பாதுகாப்புச் சோதனையில் காட்டும்போது அது கைகொடுக்கும். இன்னொன்றையும் அவரிடமே கேளுங்கள். லண்டனிலிருந்து கிழக்கு நோக்கி வரும்போது கோடைக்காலத்தில் 7 மணி நேரம் குறைகிறது. அந்தக் குறுகிய நாளில் இன்சுலின் எப்போது, எவ்வளவு என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். எங்கள் மருத்துவர் இரு நாட்டு நேரத்தையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தார். அதைப் பார்த்துக் கைப்பேசியில் அலாரம் வைத்துக்கொண்டேன்.

தண்ணீர் குடிக்காத ஐந்து மணி நேரம்

நாங்கள் பதிவு செய்திருந்த ஓர இருக்கை, விமானம் மாற்றப்பட்டதால் கைவிட்டுப் போனது. அம்மா சன்னலோரம், நான் நடுவில், ஓரத்தில் ஓர் இளைஞர். ஐந்து மணி நேரம் ஆகியும் அம்மா தண்ணீர்ப் பாட்டிலைத் திறக்கவில்லை.

“ஏம்மா குடிக்கல?”

“குடிச்சா கழிவறைக்குப் போகணும். பாவம், அந்தத் தம்பி தூங்குறாரு. எப்படி எழுப்புறது?”

நம் பெற்றோர் பலரும் இப்படித்தான். அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுக்கக்கூடாது என்று தங்கள் உடம்பை வருத்திக்கொள்வார்கள். இளைஞர் கண் விழித்ததும் விஷயத்தைச் சொன்னேன். மகிழ்ச்சியோடு இடம் மாறிக்கொண்டார். சன்னலில் சாய்ந்து தூங்க அவருக்கும் வசதியாகிவிட்டது.

விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் பொதுவாக 20 விழுக்காட்டுக்கும் குறைவு. குரலை நம்பிப் பிழைக்கும் எனக்குத் தொண்டைதான் முதலில் அதைச் சொல்லும். உள்ளே இருக்கும் காற்றழுத்தமும் தரையில் இருப்பது போன்றதல்ல. 1,800 முதல் 2,400 மீட்டர் உயரமுள்ள மலையில் இருப்பதற்குச் சமம். கெந்திங் மலை உச்சியில் இரவு முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். வயிறு உப்புவதற்கும் அதுவே காரணம்.

இதைவிட முக்கியமானது கால். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால், கால் நரம்பில் இரத்தம் உறையும் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. மொத்தத்தில் அது அரிதுதான். ஆனால் வயது, உடல் பருமன், அண்மையில் செய்த அறுவை சிகிச்சை போன்றவை சேர்ந்தால் கூடுதல் கவனம் வேண்டும். மணிக்கு ஒருமுறை கணுக்காலைச் சுழற்றுங்கள், குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். விழித்திருக்கும்போது எழுந்து நாலு அடி நடங்கள். அழுத்தக் காலுறையை மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள். கால்களில் இரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்கு அது ஆகாது.

சக்கர நாற்காலி அவமானமல்ல

“நான் என்ன நடக்க முடியாதவளா?” என்று அம்மா முறைத்தார். விமானத்துக்குள் நடப்பது வேறு, பெரிய விமான நிலையத்தின் நீண்ட நடைபாதையும் குடிநுழைவு வரிசையும் வேறு. குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் விமான நிறுவனத்திடம் சொல்லிவிட்டால் சக்கர நாற்காலி உதவி இலவசமாகக் கிடைக்கும். சைவ உணவோ இனிப்புநீர் உணவோ வேண்டுமென்றாலும் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். ஏறிய பிறகு கேட்டால் கிடைக்காது.

பெட்டி வராவிட்டால்

விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே முகப்பில் புகார் செய்து, எண்ணை வாங்குங்கள். மலேசியாவும் பிரிட்டனும் ஏற்றுள்ள மொன்ட்ரியால் ஒப்பந்தப்படி, பெட்டி சேதமாகியிருந்தால் அது கைக்கு வந்த 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்திருந்தால் கிடைத்த 21 நாளுக்குள்ளும் எழுத்து மூலம் புகார் தர வேண்டும். நான் 3ஆம் நாளே அனுப்பிவிட்டேன். அவசரத்துக்கு வாங்கிய உடைகளின் ரசீதுகள் அப்போது பயன்பட்டன.

வீடு சேர்ந்த பிறகு

காலை 6 மணி நிகழ்ச்சிக்குத் திரும்புவதற்கு முன் எனக்கு இரண்டு நாள் இடைவெளி வைத்துக்கொண்டேன். கிழக்கு நோக்கி வரும்போது உடம்பின் கடிகாரம் சரியாக அதிக நாளாகும். அம்மாவைக் காலை வெயிலில் நடக்க வைத்தோம், நம் ஊர் நேரத்துக்கே சாப்பாடு கொடுத்தோம், இனிப்பின் அளவை வழக்கத்தைவிட அடிக்கடி பார்த்தோம்.

அடுத்த சில வாரங்கள் வரை கவனம் தேவை. ஒரு கால் மட்டும் வீங்கினாலோ கெண்டைக்காலில் வலி வந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். பயணக் களைப்பு என்று சொல்லித் தைலம் தேய்த்துக்கொண்டு இருந்துவிட வேண்டாம்.

அடுத்த ஆண்டு பேத்தியின் பிறந்தநாளுக்கு அம்மா தனியாகப் போகிறார். முறுக்குக்கு இன்னும் மாவு அரைக்கவில்லை. ஓர இருக்கைக்குப் பணம் கட்டியாகிவிட்டது.