பழைய லேண்ட் ரோவரில் பிரேக் எப்படிப் பிடிக்கிறது? இறக்கத்தில் ஏன் கைவிடுகிறது?

கேமரன் மலைக்குப் போனவர்கள், காய்கறி ஏற்றிச் செல்லும் பழைய லேண்ட் ரோவர்களைப் பார்த்திருப்பார்கள். 1948-இல் ஆம்ஸ்டர்டாமில் அறிமுகமான இவ்வண்டியின் பழைய ‘சீரிஸ்’ வகைகளில் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்தான். தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து சுமையோடு தாப்பாவுக்கு இறங்கும் வண்டிக்கு இந்த பிரேக்கே உயிர்க்காவல்.

மிதித்ததும் நடப்பது என்ன?

பிரேக்கை மிதித்ததும் மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிரேக் எண்ணெய் அழுத்தப்படுகிறது. அந்த அழுத்தம் குழாய்கள் வழியாக நான்கு சக்கரங்களுக்கும் போய்ச் சேர்கிறது. அங்குள்ள வீல் சிலிண்டர்கள், பிறை வடிவிலான பிரேக் ஷூக்களை வெளிப்பக்கமாகத் தள்ளுகின்றன. ஷூவின் லைனிங், சுழலும் டிரம்மின் உட்புறத்தில் உரசி வண்டியை நிறுத்துகிறது. காலை எடுத்தால் ஸ்பிரிங் ஷூவைத் திரும்ப இழுத்துக்கொள்ளும்.

டிரம் சுழலும் திசையில் விரியும் ஷூவை டிரம்மே தன்னோடு இழுத்து மேலும் இறுக்கும். நீளமான 109 அங்குல வண்டியின் முன்சக்கரங்களில் இரண்டு ஷூக்களும் இவ்வாறே அமைந்துள்ளன. முன்னோக்கி ஓடும்போது பிடி பலமாக இருக்கும். மேட்டில் வண்டி பின்னோக்கி உருண்டால் அந்தப் பலன் கிடைக்காது.

சூடுதான் எதிரி

நீண்ட இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து மிதித்தால் மூன்று சிக்கல்கள் வரும். சூட்டில் லைனிங் பிடிமானத்தை இழக்கும். டிரம் விரிந்து ஷூவிலிருந்து விலகுவதால் மிதி வழக்கத்தைவிடக் கீழே இறங்கும். மூன்றாவதுதான் மிக ஆபத்து: பிரேக் எண்ணெய் கொதித்துவிடும்.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. புதிய ‘டாட் 3’ எண்ணெயின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் சேர்ந்த பிறகு அது 140 டிகிரி வரை இறங்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி உண்டாகும். எண்ணெய் அழுத்தத்தைக் கடத்தும், ஆவியோ சுருங்கிப்போகும். அப்போது மிதி தரைவரை போகும், வண்டி நிற்காது. எனவே ஈராண்டுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றுவது நல்லது.

ஒரு கசிவு போதும்

பெரும்பாலான பழைய வண்டிகளில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே குழாய்த் தொடர்தான். ஒரு சக்கரத்தில் எண்ணெய் கசிந்து தீர்ந்தாலும் நான்கும் பிடிக்காது. கைபிரேக் மட்டும் தனி. கியர்பெட்டிக்குப் பின்னால், பின்சக்கரங்களுக்குச் செல்லும் தண்டில் அதற்கென ஒரு டிரம் உண்டு. அதை இயக்குவது கம்பிகள், எண்ணெய் அல்ல. நின்ற வண்டியைப் பிடித்து வைக்கவே அது அமைக்கப்பட்டது. ஆயினும் கால்பிரேக் போய்விட்டால் மிஞ்சும் துணை அதுதான்.

கவனிக்க வேண்டியவை

• இறங்கத் தொடங்கும் முன்பே சிறிய கியருக்கு மாறுங்கள். வேகத்தை இஞ்சின் கட்டுப்படுத்தும், பிரேக் சூடாகாது.

• டிரம்முக்குள் தண்ணீர் புகுந்தால் பிடிக்காது. மெதுவாக ஓட்டியபடி லேசாக மிதித்து உலர்த்துங்கள்.

• பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம். டிரம்மைக் கழற்றும்போது தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

• புறப்படும் முன் மிதியை அழுத்திப் பிடித்துப் பாருங்கள். அது மெல்லக் கீழிறங்கினால் எங்கோ கசிகிறது என்று பொருள். பட்டறையில் காட்டிச் சரிசெய்யும்வரை வண்டியை எடுக்க வேண்டாம்.